பில்லில் எழுதியிருப்பது என்ன? கம்ப்யூட்டர், நெட்வொர்க் சொற்கள் ஓர் அறிமுகம்

உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அத்தாவுக்கு ஷார்ஜாவில் வேலை. மகள் கோவில்பட்டியில் பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். கல்லூரி திறந்ததும் ஒரு பழைய லேப்டாப் வாங்கினார்கள். விலை 18,000 ரூபாய். பில்லில் இருந்தது ஒரே வரி: "ஐ5, 8 ஜிபி, 500 ஜிபி, விண்டோஸ்."

அந்த வரியைப் போட்டோ எடுத்து அத்தாவுக்கு அனுப்பினார்கள். அவருக்கும் அது புரியவில்லை. "ஐ5 என்றால் நல்லது என்று ரூமில் சொல்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பணத்தை அனுப்பிவிட்டார். ஒரு மாதத்தில் குறைகள் தெரிந்தன. பட்டனை அழுத்தினால் திரை வர நான்கு நிமிடம். பிரவுசரைத் திறந்தால் அது வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். விண்டோஸ் 11 போடலாமா என்று பார்த்தால் "இந்தக் கம்ப்யூட்டர் தகுதி பெறவில்லை" என்று வருகிறது.

மெஷினை நாம் வாங்கிப் பார்த்தோம். கடைக்காரர் பொய் எதுவும் எழுதவில்லை. ஐ5 உண்மை, 8 ஜிபி உண்மை, 500 ஜிபியும் உண்மை. எந்த வருடத்து ஐ5, எந்த வகை 500 ஜிபி என்ற இரண்டு கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கத் தெரியவில்லை என்பதே சரி. நம் பிள்ளைகள் பள்ளியில் நுண்செயலி, முதன்மை நினைவகம், வன்தட்டு என்று நல்ல தமிழில் படித்து மார்க் வாங்குகிறார்கள். கடைக்குப் போனால் அங்கே வேறு பாஷை. எனவே கடையில் புழங்கும் சொற்களையே இங்கே எடுத்துக்கொள்கிறோம். அந்த ஒற்றை வரி பில்லிலிருந்தே தொடங்குவோம்.

ஐ5 என்பது ப்ராசஸரின் பெயர்

ப்ராசஸர் அல்லது சிபியு என்பது கணக்குப் போடும் சில்லு. கம்ப்யூட்டர் செய்யும் எல்லா வேலையும் கடைசியில் அதனிடம்தான் வருகிறது. வீட்டில் பலர் மேஜைக்கு அடியில் இருக்கும் பெட்டி முழுவதையும் சிபியு என்கிறார்கள். பெட்டிக்குப் பெயர் கேபினட். சிபியு அதற்குள் தீப்பெட்டியை விடச் சின்னதாக, ஒரு ஃபேனுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

இன்டெல் நிறுவனம் ஐ3, ஐ5, ஐ7 என்று தரம் பிரித்து விற்கிறது. ஐ5 முதலில் வந்தது 2009-ல். அன்றிலிருந்து ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு தலைமுறை வந்திருக்கிறது. கடையில் இதை 'ஜெனரேஷன்' அல்லது 'ஜென்' என்பார்கள். ஐ5-க்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். ஐ5-4300 என்றால் முதல் இலக்கம் 4, அதாவது 4ஆம் தலைமுறை, 2013 வாக்கில் வந்தது. ஐ5-8250 என்றால் 8ஆம் தலைமுறை, 2017. ஐ5-1235 என்றால் முதல் இரண்டு இலக்கத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், 12ஆம் தலைமுறை. நம் எட்டயபுரத்து லேப்டாப் 4ஆம் தலைமுறை. 11ஆம் தலைமுறை ஐ3 ஒன்று இதை எளிதாக முந்திவிடும். ஐ5 என்ற எழுத்து மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3, ரைசன் 5 ஆகியவையும் நல்ல ப்ராசஸர்கள்தான். "இன்டெல் இல்லையே" என்று தயங்க வேண்டியதில்லை. அங்கும் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ப்ராசஸரை ஒட்டி 'கோர்' என்ற சொல்லும் வரும். ஒரு சமையலறையில் எத்தனை அடுப்பு என்பது போல, ஒரே நேரத்தில் எத்தனை வேலையைத் தனித்தனியாகச் செய்ய முடியும் என்ற கணக்கு. மெலிதான லேப்டாப்களில் வந்த பழைய ஐ5-களில் பெரும்பாலும் 2 கோர்தான். 8ஆம் தலைமுறையில்தான் அது 4 ஆனது.

இரண்டு ஜிபி, இரண்டு வேலை

பில்லில் 8 ஜிபி, 500 ஜிபி என்று இரண்டு இருந்தது. "மெமரி 508 ஜிபி" என்று கூட்டிச் சொன்னவரையும் பார்த்திருக்கிறோம்!

8 ஜிபி என்பது ரேம். இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையைப் பரப்பி வைக்கும் இடம். கரண்ட் போனால் அதில் இருந்ததும் போய்விடும். சேவ் செய்யாத பாடம் காணாமல் போவது இதனால்தான். 500 ஜிபி என்பது சேமிப்பு. போட்டோ, வீடியோ, விண்டோஸ் எல்லாம் தங்கும் இடம். கரண்ட் போனாலும் அங்கேயே இருக்கும். தையல் மெஷினின் பலகையை ரேம் என்றும், துணி அடுக்கிய பீரோவைச் சேமிப்பு என்றும் நினைத்துக்கொள்ளலாம். பலகை சிறிதாக இருந்தால் ஒவ்வொரு துண்டாகப் பீரோவுக்கும் பலகைக்கும் நடக்க வேண்டும். 4 ஜிபி ரேமில் இன்றைய பிரவுசரைத் திறந்தால் நடப்பது இதுதான். கல்லூரிப் பிள்ளைக்கு 8 ஜிபி போதும். வீடியோ எடிட்டிங், ஆர்க்கிடெக்சர் என்று போகிறவர்கள் 16 ஜிபி பார்க்கலாம்.

சேமிப்பில் இரண்டு வகை உண்டு. ஹார்ட் டிஸ்க் பழையது. உள்ளே வட்டத் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், லேப்டாப்பில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஊசி போன்ற ஒரு கை அதன் மேல் நகர்ந்து படிக்கும். எஸ்எஸ்டி புதியது. அதில் சுற்றுவது, நகர்வது எதுவும் கிடையாது. பென் டிரைவ் போலச் சில்லுகள்தான். ஆயிரம் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி எடுக்கும் வேலையில் இரண்டுக்கும் மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் உள்ள தூரம். விண்டோஸ் திறப்பது அப்படிப்பட்ட வேலைதான். அந்தப் பெண்ணின் லேப்டாப் நான்கு நிமிடம் எடுத்ததற்குப் பெரிய காரணம் ப்ராசஸரே அல்ல. சுற்றிச் சுற்றித் தேய்ந்துபோன ஹார்ட் டிஸ்க்.

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வரும். 500 ஜிபி என்று வாங்கியது கம்ப்யூட்டரில் 465 என்றும், 1 டிபி 931 என்றும், 256 ஜிபி 238 என்றும் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு கிலோவை 1,000 என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 என்று எண்ணுகிறது.

மற்ற உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். எல்லாவற்றையும் இணைக்கும் பெரிய பலகை மதர்போர்டு. அது கெட்டால் பழைய லேப்டாப்பில் செலவு செய்வது பெரும்பாலும் வீண். சுவரில் வரும் கரண்டைச் சிறிய வோல்ட்டாக மாற்றித் தருவது டெஸ்க்டாப்பில் எஸ்எம்பிஎஸ், லேப்டாப்பில் அடாப்டர். படம் காட்டும் வேலையைப் பார்ப்பது கிராபிக்ஸ். கேம், எடிட்டிங் தவிர மற்றவர்களுக்குத் தனிக் கார்டு தேவையில்லை. கடலோரமான தூத்துக்குடியில் உப்புக் காற்று எதிரி என்றால், எட்டயபுரத்துக் கரிசல் காட்டில் புழுதி எதிரி. லேப்டாப்பின் ஃபேனில் புழுதி அடைத்தால் சூடு வெளியேறாது. சூடானால் ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தை மேல் வைத்து வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

விண்டோஸ் விஷயம்

ப்ராசஸர், ரேம் போன்றவை வன்பொருள், கையால் தொடக்கூடியவை. விண்டோஸ் மென்பொருள், அதிலும் ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற வகை. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. தனியாகப் பதிவு செய்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் கொடுத்தது. விண்டோஸ் 11 வேண்டுமானால் இன்டெலில் ஏறக்குறைய 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பெரிய கம்பெனிகள் தங்கள் பழைய லேப்டாப்களைக் கழித்துக்கட்டும்போது அவை துடைத்துப் பளபளப்பாக நம் ஊர்க் கடைகளுக்கு வருகின்றன. மலிவாகக் கிடைப்பதன் காரணத்தை விசாரிக்காமல் வாங்கினால் நம் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

கடையிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் ப்ராசஸரின் முழு எண், ரேம் எவ்வளவு, டிஸ்க் எந்த வகை எல்லாம் தெரியும். கடைக்காரர் முன்னிலையில் இதைச் செய்ய வெட்கப்பட வேண்டாம். அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பைத் திருப்பித் தர முடியவில்லை. ஆனால் அது குப்பையும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டோம். அந்தக் காலத்து மெஷினில் 2.5 அங்குல சாட்டா வகைதான் பொருந்தும். இப்போது பரவலாக விற்கும் என்விஎம்இ வகைப் பட்டையை வாங்கி வந்தால் செருக இடமே இருக்காது. ரேமும் அப்படித்தான். டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 நுழையாது, வெட்டுக்குறி வேறு இடத்தில் இருக்கும். லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினோம். இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது. பி.சி.ஏ.வில் வரும் சி, பைத்தான் எல்லாம் அதில் தாராளமாக ஓடும். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, குடும்பப் போட்டோக்களின் இரண்டாம் பிரதி வைக்கக் கொடுத்துவிட்டோம்.

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கிடைத்த மெஷின்கள் பல வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. எல்காட் மூலம் வந்த அவற்றில் ஆரம்ப கால மாடல்களுக்கு 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. தூக்கிப் போடாதீர்கள். தம்பி தங்கைகள் தமிழ் டைப்பிங் பழக அது போதும்.

வீட்டுக்குள் வரும் இணையம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலம். அப்போதும் அதற்குப் பிறகு வெகுகாலமும் அது டெலிபோன் கம்பியில் வந்தது. கம்பியில் வருவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தந்த பெட்டி மோடம். இன்று கண்ணாடி இழையில், அதாவது ஃபைபரில் ஒளியாக வருகிறது. ஒளியை மாற்றித் தரும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். வந்த ஒரு இணைப்பை வீட்டிலுள்ள எல்லா போனுக்கும் லேப்டாப்புக்கும் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். இப்போதெல்லாம் ஓஎன்டியும் ரவுட்டரும் ஒரே பெட்டியில் வந்துவிடுவதால் எல்லோரும் "மோடம்" என்றே சொல்கிறார்கள். பரவாயில்லை. ஆனால் அதன் முன்பக்கத்து விளக்குகளை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். எங்கோ ஃபைபர் அறுந்திருக்கிறது, அல்லது மடங்கியிருக்கிறது. பத்து முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை, லைன்மேனுக்குத்தான் சொல்ல வேண்டும். 'பான்' விளக்கு பச்சையாக நின்று எரிந்தும் நெட் வரவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். அப்போது ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.

வைஃபை வேறு, இணையம் வேறு. வைஃபை என்பது ரவுட்டருக்கும் நம் போனுக்கும் நடுவே உள்ள கம்பியில்லாத் தொடர்பு மட்டும்தான். வைஃபை சிக்னல் முழுதாக இருந்தும் நெட் வராமல் இருக்கலாம். குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, தொட்டியில் தண்ணீர் இல்லை.

வைஃபை பட்டியலில் ஒரே வீட்டின் பெயர் இரண்டு தடவை வரும். ஒன்றின் முடிவில் '5ஜி' என்று இருக்கும். இது மொபைலில் வரும் 5ஜி அல்ல. மொபைலில் அது ஐந்தாம் தலைமுறை. ரவுட்டரில் அது 5 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, தூரம் போகும். நம் பழைய காரை வீடுகளின் தடித்த சுவருக்குப் பின்னால் 2.4-ஐயே நம்ப வேண்டியிருக்கும். ரவுட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் வீட்டின் நடுவில், உயரத்தில் வைத்தாலே பாதிக் குறை தீரும்.

வேகத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 100 எம்பிபிஎஸ் திட்டம் என்றால் நொடிக்கு 100 மெகாபிட். நாம் டவுன்லோடு செய்யும் ஃபைலின் அளவோ மெகாபைட்டில் இருக்கிறது. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 100-ஐ எட்டால் வகுங்கள், நொடிக்கு 12.5 மெகாபைட். 1 ஜிபி ஃபைல் இறங்க, எல்லாம் சரியாக இருந்தாலே 80 நொடி ஆகும். குறைவாக வருகிறது என்று சண்டைக்குப் போகுமுன் இந்த வகுத்தலைச் செய்துவிடுங்கள். அதற்குப் பிறகும் குறைவு என்றால், லேன் கேபிளை ரவுட்டரில் நேராகச் செருகி ஸ்பீட் டெஸ்ட் பாருங்கள். கேபிளிலும் குறைந்தால் புகார் செய்ய உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. ஒரு வேடிக்கை: 2004-ல் நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள 256 கேபிபிஎஸ் போதும் என்று விதி. 2013-ல் அது 512 ஆனது. 2023-ல்தான் 2 எம்பிபிஎஸ் ஆனது.

முகவரிகள்

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அதுதான் ஐபி அட்ரஸ். பழைய முறையில் மொத்தம் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகத்துக்கு அது போதவில்லை. அதனால் ஒரு வீடு முழுவதற்கும் வெளியே ஒரே முகவரி, வீட்டுக்குள் ரவுட்டர் தானே 192.168 என்று தொடங்கும் உள் முகவரிகளைப் பிரித்துக் கொடுக்கும். இப்போது பல கம்பெனிகள் பல வீடுகளுக்குச் சேர்த்தே ஒரு வெளி முகவரி கொடுக்கின்றன. ஷார்ஜாவில் இருக்கும் அத்தா வீட்டு சிசிடிவி கேமராவை நேரடியாகத் திறக்க முடியாமல், கேமரா கம்பெனியின் ஆப் வழியாகவே பார்க்க வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படி வேறொருவர் சர்வர் வழியாகப் போகிறது என்பதால்தான் கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள் என்கிறோம். ரவுட்டரின் 'அட்மின்' பாஸ்வேர்டும் அப்படியே. பெண்கள் நடமாடும் வீட்டுக்குள் கேமரா வைக்கிறவர்கள் இதில் அலட்சியம் காட்டக் கூடாது.

டிஎன்எஸ் என்பது இணையத்தின் போன் புக். நாம் பெயரை அடிக்கிறோம், அது எண்ணைத் தேடித் தருகிறது. வாட்ஸ்அப் ஓடுகிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மேல் சந்தேகப்படலாம்.

கடலுக்கு அடியில்

வீட்டு ஃபைபர் ஊர் எக்ஸ்சேஞ்சுக்கும், அங்கிருந்து பெரிய நகரங்களுக்கும் போகிறது. அதற்கு அப்பால் செயற்கைக்கோள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாடு விட்டு நாடு போகும் இணையத்தில் மிகப் பெரும் பகுதி கடலடிக் கேபிளில்தான் போகிறது. நம் தூத்துக்குடியிலேயே ஒன்று கரையேறுகிறது. முத்துக் குளித்த அதே கடல் வழியாக, கொழும்பை ஒட்டிய கல்கிசைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாரத் லங்கா கேபிள். பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து போட்டது, 2006-ல் செயல்பாட்டுக்கு வந்தது.

வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் பெரிய கேபிள்கள் மும்பையிலும் சென்னையிலும் கரையேறுகின்றன. 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் வளைகுடாவிலும் நெட் நொண்டியது. 2025 செப்டம்பர் 6-ல் செங்கடலில் ஜித்தா அருகே மறுபடி அறுந்தது. அமீரகத்தில் இருந்தவர்கள் வேகம் குறைந்ததை அன்று உணர்ந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் வீட்டு ரவுட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. உள்நாட்டு சைட்கள் வேகமாகத் திறந்து, வெளிநாட்டு அழைப்பு மட்டும் திணறினால் செய்தியைப் பாருங்கள்.

ஆனால் அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போய், கால் மட்டும் போகாததற்கும் கேபிளுக்கும் தொடர்பில்லை. இணையம் வழியாகப் பேசுவதற்கு விஓஐபி என்று பெயர். அதற்கு அந்நாட்டில் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள போடிம் போன்ற ஆப்களில் பேசலாம். அந்தப் பெண்ணும் அத்தாவிடம் தினமும் பேசுவது போடிமில்தான். எஸ்எஸ்டி போட்ட அன்று லேப்டாப் திறக்கும் வேகத்தை வீடியோ காலில் காட்டினாள். "என்னம்மா மாற்றினீர்கள்?" என்று கேட்டவர், அவள் சொன்ன பெயரை எழுதி வைத்துக்கொண்டாராம். ரூமில் இன்னொருவர் மகனுக்கு லேப்டாப் வாங்கப் போகிறாராம்.